காட்டைக் காக்க ஒரு மகள்

இந்தக் காலத்தில் உறவு சொல்வதற்கு எவனுக்கும் வாய் கூசுவதில்லை என்பது சென்னியப்பனின் நெடுநாள் குறை. டவுன் பஸ் கண்டக்டர் 'பெரியப்பா, தள்ளி நில்லுங்க' என்கிறான். உரக்கடைக்காரன் 'வாங்க மாமா' என்கிறான். அப்படிக் கூப்பிட்டவன் எடையில் கை வைக்காமல் விட்டதே இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவன் 'அப்பா' என்று காலிலேயே விழுகிறான். ஒருத்தனை மாமா என்று கூப்பிட வேண்டுமென்றால் முன்னெல்லாம் பெண் கொடுத்திருக்க வேண்டும், இல்லை எடுத்திருக்க வேண்டும். இப்போது பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் போதும்.

அப்படி டிக்கெட் எடுத்துக்கொண்டு எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் மூன்று பேர் நொச்சிக்காட்டூரில் வந்து இறங்கினார்கள். தலையில் தகரப் பெட்டியோடு ஒரு வாலிபன். அவனுக்குப் பின்னால் நரைத்த தலையோடு அவன் தாய். அவளுக்கும் பின்னால், ஆறு மாத வயிற்றைச் சுமந்துகொண்டு அவன் மனைவி. நேராகச் சென்னியப்பன் வாசலுக்கு வந்து பெட்டியை இறக்கினார்கள்.

"இது சென்னியப்பன் பெரியப்பா வீடுங்களா?" என்றான் வாலிபன்.

"சென்னியப்பன் ஊடுதான். பெரியப்பன் ஆருன்னுதான் தெரியல."

"நான் நல்லப்பன் பேரனுங்க. பேரு பாலசுந்தரம். இது எங்கம்மா சுப்பம்மாள், இது என் சம்சாரம் தெய்வநாயகி. சிலோன்ல இருந்து வர்றோம். எங்க தாத்தா உங்களுக்குச் சித்தப்பா முறைன்னு அப்பா சொல்லியிருக்காரு."

நல்லப்பன் என்று ஒரு சித்தப்பன் அவருக்கு இருந்தது உண்மை. சென்னியப்பன் கோவணம் கட்டித் திரிந்த வயதில், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கங்காணி ஒருத்தன் பின்னால் சிலோனுக்குப் போனவன். போனவன் போனவன்தான். பாகம் பிரிக்காமல் போய்விட்டான் என்பதுதான் விஷயம். எட்டு ஏக்கர் விளைகாடும் கிணறும் அண்ணன் கைக்கு வந்து, அண்ணன் மகன் சென்னியப்பன் கைக்கு வந்து, ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. கணக்குப்படி நாலு ஏக்கர் நல்லப்பனுடையது. நல்லப்பன் பேரனுடையது.

பாலசுந்தரம் ஒரு காகிதத்தை நீட்டினான். கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் கேம்பில் இருபது நாள் கிடந்தபோது கொடுத்த காகிதம். பூர்வீக ஊர் என்ற இடத்தில் நொச்சிக்காட்டூர் என்று எழுதி, மேலே முத்திரை குத்தியிருந்தது. சென்னியப்பன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஊரு பேரச் சொன்னா எழுதிக் குடுத்துருவான். நான் சொன்னா எனக்கு மதுரைன்னு எழுதிக் குடுப்பான்."

"கிணத்து மேட்டுல மாடு கட்டித் தண்ணி இறைக்கிற ரெட்டைக் கவலை இருந்துச்சுன்னு தாத்தா சொல்வாருங்க."

"ரெட்டைக் கவலை ஓட்டாத கெணறு இந்தச் சுத்துல எங்க இருக்குது? டீக்கடைல கேட்டாச் சொல்லுவாங்க."

உள்ளே இருந்து அவர் மனைவி பாவாயி வந்தாள். முதலில் வயிற்றைப் பார்த்தாள், பிறகுதான் முகங்களைப் பார்த்தாள். "ஏனுங்க, மாசமா இருக்கற புள்ளய வெயில்ல நிக்க வெச்சுட்டு என்ன வெவகாரம்? வா சாமி, உள்ள வந்து தண்ணி குடி."

பேச்சு அதோடு முடிந்தது. பாவாயி பேச ஆரம்பித்தால் அந்த வீட்டில் பேச்சு முடிந்துபோகும். தெற்குக் காட்டோரம் சும்மா கிடந்த ஓட்டுச் சாளையைக் கூட்டி மெழுகி மூன்று பேரையும் அதில் குடி வைத்தாள். "பத்து நாளைக்கு" என்றார் சென்னியப்பன். "செரி, பத்து நாளைக்கு" என்றாள் பாவாயி, அடுப்புக்கல் மூன்றையும் நிரந்தரமாகப் பதித்துக்கொண்டே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேப்பங்குச்சியோடு வெளியே வந்த சென்னியப்பன் அப்படியே நின்றுவிட்டார். வாசலுக்கு எதிரில் மூன்று பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பாலசுந்தரம், அடுத்து சுப்பம்மாள், கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெய்வநாயகி.

"என்ன?"

"வந்துட்டோம்ங்க பெரியப்பா."

"வந்தது தெரியுது. எதுக்கு?"

பாலசுந்தரம் விழித்தான். "அதை நீங்கதான் சொல்லணும்ங்க."

சென்னியப்பன் குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனார். "பாத்தியா? நானே சொல்லோணுமாம். பாதிக் காடு உன்னுதுடா சாமின்னு என்ற வாயாலேயே சொல்லோணுமாம். கேக்காமக் கேக்கறான். சிலோன்காரன் வேல."

"கேட்டுத்தான் பாருங்களேன், என்ன வேணும்னு."

"கேட்டா சொல்லிருவான்! அப்பறம் ஊரு சாட்சியாயிரும்."

இரண்டாம் நாளும் நின்றார்கள். சென்னியப்பன் எட்டு மணி வரை வெளியே தலைகாட்டவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்வாசல் வழியாகப் போனார். எட்டு மணி வரை அவர்களும் நின்றுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி சாளைக்குத் திரும்பினார்கள். மூன்றாம் நாள் பாவாயிக்குப் பொறுக்கவில்லை. கடைசி ஆளிடம் போனாள்.

"ஏன் அம்மிணி, இந்த வயித்தோட ஆருக்காகக் காவல் நிக்கறே?"

"பிரட்டுக்கு நிக்கிறோம்மா" என்றாள் தெய்வநாயகி. "தேயிலைத் தோட்டத்துல ஆறு மணிக்கு வரிசையா நின்னாத்தான் கங்காணி பேரு போட்டு, இன்னிக்கு எந்த மலைக்குப் போகணும்னு சொல்வாரு. நிக்காட்டி அன்னிக்கு வேலை இல்லை. இங்க மூணு நாளா நிக்கிறோம், ஐயா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு. எங்களைப் பிடிக்கலையோ என்னமோ."

பாவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்து எழுந்திருக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. விஷயம் உள்ளே போனபோது சென்னியப்பன் சிரிக்கவில்லை. "வேல வேணும்னா கடலக் காட்டுக்கு வரச் சொல்லு. ஊட்டு முன்னால நின்னா கடலையா புடுங்க முடியும்?" என்றார்.

நிலக்கடலை பிடுங்கும் சமயம் அது. பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தெய்வநாயகியைப் பாவாயி வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். சுப்பம்மாள் மட்டும் வந்து உட்கார்ந்தாள். அவள் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. உள்ளங்கை நிறைந்ததும், தலையைக்கூடத் திருப்பாமல், தோளுக்கு மேலே பின்பக்கம் வீசினாள். நாற்பது வருஷம் முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தவள். முதுகில் கூடை இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. காய் எல்லாம் பின்னால் பத்தடிக்குச் சிதறிக் கிடந்தது.

"ஏ ஆத்தா, மறுக்கா வெதைக்கிறியா?" என்றாள் ஒருத்தி. காடே சிரித்தது. சுப்பம்மாளும் திரும்பிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் பாவாயி அவள் முதுகில் ஒரு கூடையைக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அவளோடு போட்டி போட ஆள் இல்லை.

பத்து நாள் ஒரு மாதமானது, மாதம் இரண்டானது. பாலசுந்தரம் தேயிலை ஃபேக்டரியில் மிஷினுக்கு எண்ணெய் போட்டுப் பழகியவன். திருச்செங்கோட்டில், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வாடகைச் சைக்கிளில் போய், உடம்பெல்லாம் கிரீஸோடு திரும்புவான். ரேஷன் கார்டுக்கு நாலு தடவை அலைந்து வாங்கினான். பாவாயியின் கோழிகளில் இரண்டு சாளைக்குக் குடி போயின. சுப்பம்மாள் மாவு பிசைந்து தேங்காய் போட்டு மொத்தமாக ஒரு ரொட்டி சுட்டு அனுப்புவாள். சென்னியப்பன் அதைத் தின்றுவிட்டு, "இத வெச்சு ஊடு கட்டலாம்" என்பார். அடுத்த தடவையும் தின்பார்.

ஆனால் நம்பிக்கை மட்டும் வரவில்லை. "வேலை செய்யறவனத்தான் நம்பக் கூடாது" என்று பாவாயியிடம் சொன்னார். "சோம்பேறி வந்த அன்னிக்கே கேட்டுருவான். வேலக்காரன் நல்லா வேர் புடிச்சுட்டு அப்பறம் கேப்பான். கொழந்த பொறக்கட்டும், பாரு. அந்தக் கொழந்த பேரச் சொல்லிக் கேப்பான்."

பாலசுந்தரம் கேட்கவே இல்லை. அது சென்னியப்பனை மேலும் உறுத்தியது.

தை பிறந்தது. சிலோனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தெய்வநாயகியின் தாய் யாரையோ பிடித்து எழுதச் சொன்ன கடிதம். பாவாயி ஆமணக்குக் கொட்டை உடைத்துக்கொண்டிருக்க, தெய்வநாயகி பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். எருமையைக் கட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன் காதிலும் விழுந்தது.

அவளைப் பெற்றவர்களுக்கு அந்த நாட்டுப் பிரஜை என்று சீட்டுக் கிடைத்துவிட்டது. கட்டிக்கொடுத்த மகளுக்கு இந்தியச் சீட்டு. தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் ஒரு காம்பரா அறைக்காரர்கள் இருந்துகொள்ளலாம், அடுத்த காம்பராக்காரர்கள் கப்பலேற வேண்டும். இனி இந்தப் பக்கம் வர அவர்களுக்கு விசா வேண்டும். 'தலைப்பிள்ளைக்கு உன்னைக் கூட்டிவர எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை மகளே, யாராவது ஒரு தாய் உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள் என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன்' என்று முடிந்தது கடிதம்.

தெய்வநாயகி கடிதத்தை மடித்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாவாயிக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

"லயத்துலயே தாய் இல்லாத பிள்ளை இருந்தா, பக்கத்துக் காம்பராவுக்காவது கூட்டிட்டுப் போவாங்கம்மா" என்றாள் அவள். "நாலு அடிதான் இருக்கும். ஆனா சோறு கட்டிட்டு வந்து, வா மகளேன்னு கூப்பிட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்க. கூப்பிட ஆளில்லாமப் பிள்ளை பெத்துக்கக் கூடாதும்பாங்க."

அன்று மதியம் சோறு போடும்போது பாவாயி பேச்சை எடுத்தாள். "ஒம்போதாம் மாசம் பொறந்துருச்சு. கட்டுச்சோறு கொண்டாந்து கூட்டிட்டுப் போறதுக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு நாதி இல்ல. நாமளே கூட்டிட்டு வந்தா என்னங்க?"

"எப்புடிக் கூட்டிட்டு வருவே? அவன் பங்காளிங்கறான். பங்காளி பொண்டாட்டின்னா அவ நம்மூட்டு மருமக. மருமகளுக்கு மாமியா ஊட்டுல இருந்து ஆராச்சும் கட்டுச்சோறு கட்டுவாங்களா? ஊரு சிரிக்கும்."

"நீங்கதான் பங்காளி இல்லைங்கறீங்களே!"

சென்னியப்பன் கை சோற்றோடு நின்றது. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போனது அருமைக்காரர் அர்த்தநாரியின் வீட்டுக்கு. அந்த வட்டாரத்தில் கல்யாணமானாலும் சீரானாலும் முறை சொல்லி நடத்தி வைப்பவர் அவர்தான். யார் யாருக்கு என்ன உறவு என்பதில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"அருமைக்காரரே, ஒரே கூட்டத்துல பொண்ணு குடுக்கலாமுங்களா?"

"என்ன கேள்வி இது? ஒரே கூட்டம்னா ஒரே குலம், அண்ணந் தம்பி. எப்புடிக் குடுப்பே?"

"செரி. அப்ப ஒருத்தனுக்கு எம் பொண்ணக் குடுத்திருக்கறேன்னு ஊரறிய ஆயிட்டா, அவன் எனக்குப் பங்காளி ஆவானா?"

"மாப்பிள்ள எப்புடிப் பங்காளி ஆவான்?" அர்த்தநாரி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். "உனக்கேது பொண்ணு? ஒரே பையன், அவனும் லாரியிலயே குடியிருக்கறான்."

சென்னியப்பன் சொன்னார். சிலோன் பெண்ணைத் தம் மகளாக முறை கட்டிக்கொள்வது. தாய் வீடாக நின்று கட்டுச்சோறு கட்டிக் கூட்டி வருவது. அப்புறம் அந்தப் பையன் மருமகன். மருமகன் பாகம் கேட்க முடியாது.

அருமைக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அட சென்னியப்பா! காட்டக் காப்பாத்தறதுக்கு மகளப் பெத்துக்கறியா?"

"ஆகுமா ஆகாதா? அதச் சொல்லுங்க."

"ஆகும். அந்தப் புள்ளைக்குக் கூட்டம் இன்னதுன்னு தெரியாத பட்சத்துல உன்ற கூட்டத்துல சேத்துக்கலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. பங்காளிங்கறவன் ஒருதரம் வாங்கிட்டுப் போயிருவான். பொறந்த பொண்ணு அப்பிடி இல்ல. தீவாளிக்கு வருவா, பொங்கலுக்கு வருவா, காது குத்துக்கு வருவா. அவ புள்ள கல்யாணத்துக்கும் நீதான் மொதச் சீரு. சாகற வரைக்கும் விடமாட்டா."

"வரட்டும். எத்தன வந்தாலும் சீருக்குத்தான வருவா, காட்டுக்கு வரமாட்டாளே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாலசுந்தரம் சாளை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவுமில்லை. நின்றபடியே சொன்னார்.

"நான் மூடி மறைச்சுப் பேசற ஆளு இல்ல. உன்னய நல்லப்பன் பேரன்னு நான் நம்பல. நம்புனா நாலு ஏக்கரா குடுக்கோணும், அதுக்கும் எனக்கு மனசு இல்ல. உன்ற பொண்டாட்டிக்குத் தாய் ஊடு இல்ல. நான் தாய் ஊடா நிக்கறேன். ஊரக் கூட்டி, எம் பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். பொறப்பு, பேரு வெக்கறது, காது குத்து எல்லாம் நானே செய்யறேன். ஆனா அன்னைல இருந்து நீ எனக்கு மாப்பிள்ள. நல்லப்பன் பேச்சு உன்ற வாயில வரக் கூடாது. ரோசன பண்ணிச் சொல்லு."

பாலசுந்தரம் துணியைக் கீழே போட்டான். முகம் கறுத்துவிட்டது. "நாங்க காடு கேட்டோமாங்க?"

"கேக்கல. அதான் எனக்குப் பயம்."

"எனக்குன்னு இந்த நாட்டுல இருக்கிறது அந்த ஒரு பேருதாங்க. அங்க இருக்கும்போது இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னு சொல்றாங்க. நான் இந்த ஊரு நல்லப்பன் பேரன்னு சொல்லிக்கிறதுக்குத்தான் கப்பலேறினேன். அதையும் விட்டுட்டா நான் யாரு?"

அவன் நியாயமாகப் பேசியது சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாளைக்குள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. தெய்வநாயகி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்ததை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். பசித்த குழந்தை அடுத்த வீட்டு அடுப்பைப் பார்ப்பதைப் போல இருந்தது அது.

சுப்பம்மாள்தான் வெளியே வந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"உங்கப்பா சாகும்போது இந்த ஊரு பேரைச் சொல்லித்தான்டா செத்தாரு. ஊருக்குப் போங்கன்னாரு. பாகம் வாங்குன்னு சொல்லலை" என்றாள் மகனிடம். "ஊருக்கு வந்தாச்சு. பேரன் இல்லாட்டி மருமகன். ஏதோ ஒண்ணா இருந்துட்டுப் போ. உன் தாத்தன் கோபிச்சுக்க மாட்டாரு, அவரும் கோவத்துல எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவருதானே. பிள்ளைக்காரி நிக்கிறா பாரு."

பாலசுந்தரம் மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்து துணியை எடுத்து, துடைத்த சக்கரத்தையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். "சரிங்க" என்றான், நிமிராமல்.

சுப்பம்மாள் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். அதுவரை அவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல் ஒதுங்கி நின்றே பேசியவள். "உக்காருங்க அண்ணே. சம்பந்தி வீட்டுல தேத்தண்ணி குடிக்காமப் போகக் கூடாது."

சென்னியப்பன் உட்கார்ந்தார்.

கட்டுச்சோற்று நாளில் பாவாயி விடியும் முன்பே எழுந்துவிட்டாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து வகை கட்டினாள். கச்சாயமும் முறுக்கும் தனி. வீட்டிலிருந்து சாளைக்குக் காட்டு வழியே நானூறு அடி. "தூக்கிட்டுப் போயிரலாம்" என்றாள். சென்னியப்பன் விடவில்லை. காளைகளைக் குளிப்பாட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்தார். வண்டி தார் ரோட்டில் ஏறி, டீக்கடையைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, ஊருக்குள் நுழைந்து வெளியே வந்து, முக்கால் மணி நேரம் கழித்துச் சாளைக்குப் போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"எங்கீங்க பயணம்?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"எம் பொண்ணக் கூட்டியாரப் போறேன்."

"உங்களுக்கேதுங்க பொண்ணு?"

"இருக்குது. நல்லாப் பாத்துக்கங்க. மறந்துறாதீங்க. நாளைக்கு ஆராச்சும் கேட்டாச் சொல்லோணும்."

அருமைக்காரர் அர்த்தநாரி சாளை வாசலில் எல்லாரையும் நிற்க வைத்து முறை சொன்னார். இந்தப் பெண் சென்னியப்பன் பாவாயி மகள், இந்தக் கூட்டத்தில் பிறந்தவள், பாலசுந்தரம் வீட்டில் வாழ்கிறவள் என்று மூன்று தடவை சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவை தெய்வநாயகி அழுதுவிட்டாள். பாவாயி கையை நீட்டி, "வா சாமி, நம்மூட்டுக்குப் போலாம்" என்றாள். வளையல் போட்டுப் பூ வைத்து வண்டியில் ஏற்றினார்கள். சென்னியப்பன் காளைகளுக்கு முன்னால் நடந்தார்.

வண்டி திரும்பும் இடத்தில் பாலசுந்தரம் ஓடி வந்து பின்கட்டையைப் பிடித்துக்கொண்டான். "பள்ளத்துல பார்த்து ஓட்டுங்க மாமா" என்றான். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அந்த 'மாமா'வில் எடைக்கல்லில் கை வைக்கிற சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு மறுபடியும் நடந்தார்.

வீட்டுக்கு வந்த மகளைப் பாவாயி தரையில் நடக்க விடவில்லை. தெய்வநாயகி முதல் இரண்டு நாள் அவரை 'ஐயா' என்றாள். மூன்றாம் நாள், அவர் சோற்றில் உப்பு இல்லை என்று கத்திக்கொண்டிருந்தபோது, "இந்தாங்கப்பா" என்று உப்பு மரவையை நகர்த்தி வைத்தாள். சென்னியப்பன் உப்பு போட்டுக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலம் திருச்செங்கோட்டுக்குப் போய், யாரும் சொல்லாமலே, ஒரு சேர் பூண்டும் கொஞ்சம் பனங்கருப்பட்டியும் வாங்கி வந்தார். பூண்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசி முதல் வாரத்தில், மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட நேரத்தில் வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பூட்டுவதற்குள் மருத்துவச்சி கண்ணாத்தாள் வந்து பார்த்து, "பூட்டாதீங்க, வழியிலேயே பொறந்துரும்" என்றுவிட்டாள். எண்பது வயதைத் தொட்ட கிழவி. அந்த ஊரில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். சென்னியப்பன் மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தார். பட்டறையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலசுந்தரம் வந்து சேர்ந்தபோது உள்ளே குழந்தை அழுதது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சுப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து அப்படியே மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குளிப்பாட்டித் துணியில் சுற்றியதும் சேனை வைக்க வேண்டும் என்றாள் கண்ணாத்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக யார் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். ஊரில் நல்ல மனுஷர் என்று பேர் வாங்கியவரைத்தான் கூப்பிடுவார்கள். பாவாயி, "அருமைக்காரருக்கு ஆளனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"அப்பா வைக்கட்டும்" என்றாள் தெய்வநாயகி, படுத்தபடியே.

வெளியே நின்ற சென்னியப்பன் பதறிப் போனார். "ஆருக்கு? எனக்கா? எங்கொணம் வந்தா உருப்படுமா? எந்த நாயையும் நம்பாது. பெத்தவளையே ரெண்டு தரம் திருப்பிப் பாக்கும்."

"அதுதாங்கப்பா வேணும்" என்றாள் அவள். "எங்க ஆளுக யார் எதைச் சொன்னாலும் நம்பி நம்பித்தான் இவ்வளவு தூரம் அலைஞ்சோம். இது ஒண்ணாவது எதையும் ரெண்டு தரம் பார்க்கட்டும்."

பாவாயி கருப்பட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். சென்னியப்பன் மருமகனோடு உள்ளே வந்து விரலைத் துண்டில் துடைத்தார், கழுவினார், மறுபடியும் துடைத்தார். ஒரு துளி தொட்டு வைத்தார். குழந்தை நாக்கைச் சுழற்றி ருசி பார்த்து, முகத்தைச் சுளித்தது.

"கருப்பட்டில கலப்படம். புள்ளைக்கே தெரியுது" என்றார் அவர். அவர் முகம் எப்படியோ இருந்தது. பாவாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கண்ணாத்தாள் குழந்தையின் காலை விரித்துப் பார்த்து, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "அட, இதப் பாரு அதிசயத்த!" என்றாள் திடீரென்று. "பெருவெரலத் தாண்டி ரெண்டாவது வெரலு நீண்டுக்கிட்டு நிக்குது. நம்ம நல்லப்பன் காலு! நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, மண்ணுல அவன் காலடித் தடத்த வெச்சே நல்லப்பன் போறான்னு சொல்லுவோம்."

சுப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் ஓரத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று கசிந்தது.

"ஆயிரம் பேருக்கு இருக்கும்" என்றார் சென்னியப்பன். "கெழவிக்குக் கண்ணு மங்கிப் போச்சு. நேத்து எருமையப் பாத்துப் பசுன்னு சொன்னா."

பாலசுந்தரம் குனிந்தான். துணியின் ஓரத்தை மெதுவாக இழுத்து, குழந்தையின் இரண்டு காலையும் நன்றாக மூடினான்.

"கால்ல காத்துப் படுதுங்க மாமா" என்றான்.

சென்னியப்பன் அவனை ஒரு முறை பார்த்தார். மூடிய துணியை ஒரு முறை பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே பெண்கள் பேச்சும் சிரிப்பும் மறுபடி தொடங்கியிருந்தன.

"சோறு ஆறுதுங்க" என்று பாவாயி கூப்பிட்டாள்.

"கெடக்கட்டும், வாரேன்."

மாசி வெயிலில் காடு காய்ந்து கிடந்தது. அவர் வரப்பின் மேல் நடந்தார். எந்த மனுஷனாவது தன் பக்கம் சாட்சி சொல்கிற காலைத் தானே மூடுவானா? மூடினான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நல்லவனாக இருக்கலாம். இருக்கட்டும், அதையும் இன்னும் பத்து வருஷம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

"சும்மா மூட மாட்டான்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, கிணற்றைத் தாண்டி நடந்து போனார்.